டீச்சரிடம் ஒரு சொல்: புனிறு

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். என் மூத்தவள் பேறுகாலத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை பிறந்து இன்றைக்குப் பத்து நாள். இளையவள் பி.ஏ. தமிழ் படிக்கிறாள். அக்காவுக்குத் துணையாக உட்கார்ந்து சிறுபாணாற்றுப்படை படித்தவள், 'புனிற்று நாய்' என்று வரும் இடத்தில் ஓரத்தில் 'புனிதமான நாய்' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. உரையைப் பார்த்தால் 'ஈன்றணிமையுடைய நாய்' என்று இருக்கிறது. புனிறு என்றால் என்ன? புனிதத்துக்கும் அதற்கும் உறவு உண்டா? அந்தச் சொல் இப்போது பேச்சில் எங்கேயாவது இருக்கிறதா?
- ஒரு வாசகி, வீரவநல்லூர்

பதில்: முதலில் தாய்க்கும் பிள்ளைக்கும் என் வாழ்த்து. பத்தாம் நாள் என்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் கேட்கிற சொல் இப்போது உங்கள் வீட்டுக் கட்டிலிலேயே படுத்திருக்கிறது.

புனிதத்துக்கும் புனிறுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. புனிதம் வடசொல், புனீத என்பதிலிருந்து வந்தது. புனிறு தமிழ். தொல்காப்பியர் உரியியலில் ஒரே வரியில் இதற்குப் பொருள் சொல்லி முடித்துவிட்டார்: 'புனிறென் கிளவி ஈன்றணிமைப் பொருட்டே.' ஈன்று அதிக நாள் ஆகாத நிலைதான் புனிறு. பெறுகிற செயலுக்கு நம்மிடம் எத்தனையோ சொற்கள் உண்டு: ஈனுதல், பயத்தல், உயிர்த்தல், பேறு, மகப்பேறு, பிரசவம். பெற்ற பிறகு வரும் அந்தச் சில நாட்களுக்கென்றே தனியாக ஒரு சொல் வைத்திருந்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு நினைக்க நினைக்க ஆச்சரியம்.

இளையவளுக்காகக் கொஞ்சம் இலக்கணம். வயிறு என்பதோடு வலி சேர்ந்தால் வயிற்றுவலி. கயிறு என்பதோடு கட்டில் சேர்ந்தால் கயிற்றுக்கட்டில். அதே வழியில் புனிறும் நாயும் சேர்ந்து புனிற்று நாய். புனிறும் ஆவும் சேர்ந்து புனிற்றா, அதாவது கன்று ஈன்று சில நாளே ஆன பசு. நம் ஊர் வாயில் 'ற்ற' எல்லாம் 'த்த' ஆகிவிடும்: வயித்துவலி, கயித்துக்கட்டில், காத்து, சேத்து வயல். இந்தச் சொல் மட்டும் பேச்சில் பிழைத்துக் கிடந்திருந்தால் இன்றைக்கு உங்கள் மூத்தவளைத் தெருவில் 'புனித்துக்காரி' என்று சொல்லியிருப்பார்கள். சொல் பிழைக்கவில்லை. அது குறித்த பொருளை நம் திருநெல்வேலிச் சீமையில் வேறொரு சொல் சுமந்துகொண்டிருக்கிறது. 'அவ பச்ச ஒடம்புக்காரி, வாடக்காத்துல நிக்க விடாதீங்க' என்று உங்கள் வீட்டிலும் இந்தப் பத்து நாளில் பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். அந்தப் பச்சைதான் புனிறு.

அது என்ன பச்சை? சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் காருக்குறிச்சியில் மண்பாண்டம் செய்கிற தெருவுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். சக்கரத்திலிருந்து அறுத்து இறக்கி, தட்டி, நிழலில் காய வைத்திருப்பார்கள். சூளைக்குப் போகாத வரைக்கும் அது பச்சைப் பானை. வாய், கழுத்து, வயிறு எல்லாம் சரியாக அமைந்து, பார்க்க முழுப் பானை மாதிரியே இருக்கும். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் சேறாக உட்கார்ந்துவிடும். வள்ளுவர் 660-ஆம் குறளில் 'பசுமண் கலத்துள்நீர் பெய்திரீஇ யற்று' என்றது இந்தப் பானையைத்தான். பிள்ளை பெற்றவளும் அப்படித்தான். எழுந்திருக்கிறாள், நடக்கிறாள், வந்தவர்களிடம் சிரிக்கிறாள். தேறிவிட்டாள் என்று நினைத்துவிடுகிறோம்.

புனிற்றாவை அகநானூற்று 56-ஆம் பாட்டில் பார்க்கலாம். தலைவன் வேறொருத்தியைத் தேடிப் போகிறான். அவனுக்குத் தூது நடக்கிற பாணன் தெருவில் வருகிறான். 'தெருவில் புனிற்றாப் பாய்ந்தெனக் கலங்கி, யாழ் இட்டு, எம் மனைப் புகுதந்தோனே' என்கிறாள் தலைவி. மாடு பாய்ந்த பயத்தில் யாழை நடுத்தெருவில் போட்டுவிட்டு, எந்த வீட்டு வாசலை மிதிக்க அவனுக்கு முகம் இல்லையோ அந்த வீட்டுக்குள்ளேயே ஓடி வந்து நின்றுவிட்டான். அவள் பொங்கி வந்த சிரிப்பை மறைத்துக்கொண்டு எதிரே போய், 'இம்மனை அன்று. அஃது உம்மனை' என்றாளாம். அவன் கும்பிட்டு நின்றானாம்.

இந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் எனக்குக் கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுச் செவலைப் பசுதான் நினைவுக்கு வரும். பரம சாது. நான் அதன் வயிற்றுக்கடியில் குனிந்து போவேன், ஒன்றும் செய்யாது. அது கன்று போட்ட மறுநாள், வழக்கமாக வரும் மண்ணெண்ணெய்க்காரர் புழக்கடை வழியாக உள்ளே வந்துவிட்டார். தும்பை அறுத்துக்கொண்டு பாய்ந்தது பாருங்கள்! மனிதர் அளவுக்குவளையைப் போட்டுவிட்டு மாட்டுத்தொட்டிக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டார். நான் செல்லமாகத் தடவிக்கொடுக்கப் போனேன். ஆச்சி என் பின்னலைப் பிடித்து இழுத்தாள். "ஈன்ன மாட்டுக்கிட்டப் போவாதட்டீ. அது இப்பம் நம்ம மாடு இல்ல. கன்னுக்கு ஆத்தா." ஈன்றணிமை என்றால் என்ன என்பதை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ஆச்சிதான். தொல்காப்பியம் அப்புறம் வந்தது.

இனி உங்கள் இளையவள் படித்த நாய்க்கு வருகிறேன். அந்த ஏடு நம் பக்கத்துக்கும் கடன்பட்டது. உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடு தேடி ஆழ்வார்திருநகரிக்கு வந்தார், 1889-இல் பதிப்பித்தார். அதில் சிறுபாணாற்றுப்படை 130 முதல் 132 வரை உள்ள அடிகள் இவை:

'திறவாக் கண்ண சாய்செவிக் குருளை
கறவாப் பால்முலை கவர்தல் நோனாது
புனிற்றுநாய் குரைக்கும் புல்லென் அட்டில்'

கண்ணே திறக்காத, காது மடிந்த குட்டிகள் வந்து பால் சுரக்காத முலையைப் பிடித்து இழுக்கின்றன. பொறுக்க முடியாமல் தாய் நாய் குரைக்கிறது. அடுப்பெரியாத அடுக்களை அது. அந்த வீட்டில் குப்பைக்கீரையை உப்புக்கூட இல்லாமல் அவித்து, யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கதவை அடைத்துக்கொண்டு தின்கிறார்கள். வறுமையைச் சொல்லும் பாட்டு என்று நானும் அந்த ஒரு சொல்லோடு பாடத்தை முடித்துக்கொண்டிருந்தேன். அந்த நாய் குரைப்பது திருடனைப் பார்த்து இல்லை, தன் குட்டிகளைப் பார்த்து என்பது எனக்கு 1981 வரை உறைக்கவில்லை.

அந்த ஆண்டுதான் எனக்குத் தலைச்சன் பிறந்தான். எங்கள் வீட்டு அரங்குவீட்டில்தான் என்னைப் படுக்க வைத்திருந்தார்கள். நெல் குதிரும் பழம்பாத்திரமும் அடுக்கிய, சன்னல் இல்லாத உள்ளறை. காதில் பஞ்சு. வயிற்றில் பழைய வேட்டிக் கட்டு. ஒரு வேளைச் சோறு, பூடு போட்ட குழம்பு. தண்ணீர் மட்டும் கேட்கக் கூடாது. 'பச்ச ஒடம்பு, தண்ணி குடிச்சா வயிறு தள்ளிரும்' என்று வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். மார்கழி மாதத்தில் எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் இரவு பால் இறங்கவில்லை, பிள்ளை இழுத்து இழுத்து அழுகிறான், காம்பு வெடித்து எரிகிறது. அந்தப் பச்சைப் பிள்ளையைப் பார்த்து நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்பதை எழுத மனம் வரவில்லை. அம்மா எழுந்து வந்தாள். ஒன்றும் பேசவில்லை. யாருக்கும் தெரியாமல் அடுக்களைக்குப் போய் ஒரு செம்பு நிறைய வெந்நீர் கொண்டுவந்து, ஆற்றி ஆற்றி என் வாயில் ஊற்றினாள். செம்பு முழுவதையும் குடித்தேன்.

விடுப்பு முடிந்து பள்ளிக்குப் போன பிறகு அந்த அடிகளை வகுப்பில் வாசித்தபோது என் குரல் நின்றுவிட்டது. பிள்ளைகள் என்ன டீச்சர் என்றார்கள். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உங்களுக்கு இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பச்சை உடம்பு என்ற சொல் அவளைத் தாங்கிப் பிடிக்க வந்த சொல். அவளைக் காயப் போடுவதற்கு அதைச் சாக்காக்கிவிட்டோம். பால் ஊற வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டும். தாகத்துக்குக் குடிக்கட்டும், பசிக்குச் சாப்பிடட்டும்.

இன்னொன்றும் செய்தோம். மாடு ஈன்றால் அதன் சீம்பாலைக் கருப்பட்டி தட்டிப் போட்டு, ஏலக்காய் நுணுக்கி, இட்லிக் கொப்பரையில் அவித்துத் துண்டு போட்டுத் தெரு முழுக்கக் கொடுத்தனுப்பினோம். பெற்ற பெண்ணின் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிச் சுவரோரம் ஊற்றினோம். என்னுடையதையும் அப்படித்தான் ஊற்றினார்கள். அந்த மஞ்சள் பால்தான் பிள்ளைக்கு முதல் காப்பு, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்று இப்போது மருத்துவமனையிலேயே சொல்லி அனுப்புகிறார்கள். பிறந்த பிள்ளை நாக்கில் சேனை என்று இனிப்புத் தொட்டு வைக்கிற வழக்கத்தையும் அதனால்தான் வேண்டாம் என்கிறார்கள். உங்கள் வீட்டில் அது சரியாக நடந்திருக்கும் என்று நம்புகிறேன்.

புனிறு என்ற சொல்லை வாசனையோடு பிடித்து வைத்திருக்கிற பாட்டு நற்றிணை 40. எனக்கு இந்தச் சொல் வரும் பாட்டுகளிலேயே மிகவும் பிடித்தது. பிள்ளை பிறந்த வீடு. காவல் உள்ள அந்த வீட்டில் நீண்ட நாவுள்ள மணி ஒலிக்கிறது, பந்தலில் புது மணல் பரப்பியிருக்கிறது, ஒரு பக்கம் பெண்கள் நல்ல வாக்குக் கேட்க நிற்கிறார்கள். மெத்தென்ற துணி விரிப்பில் 'புனிறு நாறு செவிலியொடு புதல்வன் துஞ்ச', ஐயவி அணிந்து, நெய்யாடி, உடம்பெல்லாம் பசுநெய் ஊறிய தாய் இரண்டு இமையும் பொருந்தக் கிடக்கிறாள். ஐயவி என்பது வெண்சிறுகடுகு. நாமும் இன்றைக்கு வரைக்கும் கடுகும் உப்பும் மிளகாய் வற்றலும் சுற்றிப் போடுகிறோமே, அந்தக் கடுகுக்கு வயது எவ்வளவு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

'புனிறு நாறு' என்பதில் நாறுதல் என்பது கெட்ட வாடை இல்லை. அக்காலத்தில் மணத்துக்கும் அதே சொல்தான். பிள்ளை பெற்ற வீட்டுக்கென்று ஒரு மணம் இருக்கிறது. படியேறும்போதே தெரிந்துவிடும். சாம்பிராணிப் புகை, நல்லெண்ணெய், வறுத்த பூடு, வசம்பு சுட்ட வாசனை, துணியில் புளித்த பால், எல்லாவற்றுக்கும் அடியில் லேசான ஒரு பச்சை வாடை. என் அரங்குவீட்டில் அது இரண்டு மாதம் நின்றது. பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த அம்மாவின் சேலையில் இருந்தது. பாட்டிலும் பாருங்கள், புனிறு நாறுவது பெற்றவள்மேல் இல்லை, பிள்ளையை வைத்துக்கொண்டு படுத்திருக்கும் செவிலிமேல். பெற்றவள் தனியாக, நிம்மதியாகத் தூங்குகிறாள். அவளைத் தூங்க விட்டிருக்கிறார்கள். அந்த நள்ளிரவில் கணவன் 'கள்வன் போல' வருகிறான், பாட்டன் பெயரைத் தாங்கப் போகிற மகன் பிறந்திருக்கிறான் என்பதற்காக. அவன் கதை கிடக்கட்டும். அந்தத் தூக்கத்தைப் பாட்டில் எழுதி வைத்தாரே அந்தப் புலவர், அதற்கு அவரைக் கும்பிடலாம்.

பாட்டுகளில் இந்தச் சொல் அடிக்கடி 'தீர்' என்பதோடு சேர்ந்து வரும். புறநானூறு 68-இல் கோவூர்கிழார் காவிரி பெருகுவதை 'புனிறுதீர் குழவிக்கு இலிற்றுமுலை போலச் சுரந்த காவிரி' என்கிறார். பிறந்த பச்சை நீங்கிய குழந்தைக்குத் தானாகச் சொரியும் தாய்முலை மாதிரி. ஆக, புனிறு தாய்க்கும் உண்டு, பிள்ளைக்கும் உண்டு. தொல்காப்பியர் கற்பியலில் 'புதல்வற் பயந்த புனிறுதீர் பொழுதின்' என்கிறார். தீர்கிற ஒன்று என்பதால்தான் அதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. சில வீடுகளில் பதினாறு நாள், சில வீடுகளில் நாற்பத்தொன்று. இன்றைக்கு உலக சுகாதார நிறுவனம் பேறுகால மரணத்தைக் கணக்கெடுக்கும்போது, பிள்ளை பெற்ற 42-ஆம் நாள் வரைக்கும் ஒரு தாய் இறந்தால் அதையும் சேர்த்துக்கொள்கிறது. நம் ஆச்சிமார் விரலில் எண்ணிய கணக்கும் டாக்டர்கள் எண்ணுகிற கணக்கும் ஒரு நாள் வித்தியாசத்தில் நிற்கின்றன.

எனவே உங்கள் மூத்தவளுக்கு இன்னும் முப்பத்திரண்டு நாள் இருக்கிறது. காய்ச்சல், அதிகமாகப் படும் உதிரம், தலைவலியோடு கண் மங்கல், காரணமில்லாமல் அழுதுகொண்டே இருப்பது, இதில் எது வந்தாலும் 'பச்ச ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லிவிடாதீர்கள். உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இளையவள் அந்தப் பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, அக்காவைப் பார்த்தே பொருள் எழுதிக்கொள்ளட்டும்.

கேள்வி: மாட்டுத் தரகர்கள் 'தலையீத்து', 'ரெண்டாம் ஈத்து' என்கிறார்களே, ஈத்து எங்கிருந்து வந்தது டீச்சர்?
- ஒரு வாசகர், முக்கூடல்

பதில்: மேலே சொன்ன அதே கதைதான். ஈன் என்ற வேரிலிருந்து ஈற்று. நம் வாயில் ஈத்து. தெலுங்கிலும் கன்னடத்திலும்கூட 'ஈனு' என்றால் ஈனுதல்தான். பழைய தமிழில் மனுசிக்கும் இதே சொல். 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்று புறநானூற்றுத் தாய் தன்னைத்தான் சொன்னாள். இப்போது பேச்சில் அது மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்று ஆகிவிட்டது. பெண்ணைப் போய் 'ஈன்னிருக்கா' என்றால் அடிக்க வருவார்கள். ஆனால் தாமிரபரணிக் கரையில் வாழைக்கு அந்தச் சொல் மரியாதையோடு நிலைத்திருக்கிறது. 'வாழ ஈன்னுட்டு' என்று சொல்லும்போது எங்கள் அப்பா குரலில் ஒரு குழைவு இருக்கும். குலை தள்ளிய மரத்துக்கு உடனே முட்டுக் கொடுக்க ஆள் தேடுவார். வாழை ஒருமுறைதான் ஈனும், கன்றை விட்டுவிட்டுச் சாய்ந்துவிடும். மாட்டுக்குட்டியும் கன்று, வாழைக்குட்டியும் கன்று.

கேள்வி: பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்தைக் 'காயம்' என்கிறோம். புண்ணுக்கும் காயம் என்றுதானே பெயர்?
- ஒரு வாசகி, பேட்டை

பதில்: ஒலி ஒன்று, சொல் வேறு. இந்தக் காயத்துக்கு உறைப்பு, காரம் என்று பொருள். வெங்காயம், பெருங்காயம் இரண்டிலும் இருப்பது இதே காயம்தான். கடுகு, ஓமம், வெந்தயம், உள்ளி, பெருங்காயம் ஐந்தையும் சேர்த்து ஐங்காயம் என்பார்கள். எங்கள் வீட்டில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் வறுத்து இடித்துச் சலித்து, பூடு வேகவைத்து அரைத்து, கருப்பட்டிப் பாகில் போட்டு, நல்லெண்ணெய் பிரிந்து வரும் வரைக்கும் உருளியில் கிண்டுவார்கள். கிண்டுகிறவர்களுக்குத் தோள் கழன்றுவிடும். காலையில் வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு. தொண்டையில் இறங்கும்போதே காது சூடாகும். ஆபரேஷன் செய்து பிள்ளை எடுத்தவர்களும் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

கேள்வி: எங்கள் ஊர் விலக்கில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. சாலையை அகலப்படுத்தியபோது எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டார்கள். அது வயிற்றுப்பிள்ளையோடு செத்துப் போன பெண்ணுக்காக வைத்தது என்று எங்கள் பெரியம்மை சொல்கிறாள். அப்படியா? அதை என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், நாங்குநேரி

பதில்: பெரியம்மை சொல்வது சரி. இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு பலகைக்கல்லைப் போட்டிருப்பார்கள். தலைச்சுமையோடு தனியாக வருகிறவர்கள், இறக்கிவிட ஆள் தேடாமல், குனியாமல் கொள்ளாமல் கட்டை அதன்மேல் தள்ளிவிட்டு இளைப்பாறலாம். பிறகு அப்படியே தலையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போகலாம். சூலியாகச் செத்தவள் சுமையை இறக்காமலே போய்விட்டாள், அவள் பெயரால் மற்றவர்கள் சுமை இறங்கினால் அவள் ஆத்துமா ஆறும் என்பது நம்பிக்கை. சில குடும்பங்களில் அப்படிப் போனவளைத் தெய்வமாக வைத்துப் பொங்கலிடுவதும் உண்டு. குறுந்தொகை 287-இல் கருக்கொண்ட மேகத்துக்குக் கடுஞ்சூல் மகளிரை உவமை சொல்லும்போது 'நிறை பொறுத்து அசைஇ' என்று வருகிறது. நிறைவயிற்றின் பாரத்தைத் தாங்கித் தளர்ந்து என்று பொருள். நாமும் 'சுமந்து பெத்தேன்' என்றுதான் சொல்கிறோம். சுமை என்ற சொல்லை வயிற்றுக்கு வைத்தவர்கள் கல்லுக்கும் அதையே வைத்தார்கள்.

எங்கள் குடும்பத்துக்கும் ஒரு கல் உண்டு. அப்பாவுக்கு மூத்தவள், எனக்குப் பெரியத்தை. நான் பிறக்கும் முன்பே, ஒன்பதாம் மாதத்தில், வலி கண்டு இரண்டு நாள் கிடந்து போய்விட்டாள். அவளுக்கு ஒரு போட்டோ கிடையாது. கன்னடியன் கால்வாய்க் கரையில், வயலுக்குப் போகிற பாதை முக்கில், தாத்தா கல் நட்டார். அறுப்புக் காலத்தில் கதிர்க்கட்டோடு வருகிற பெண்கள் கட்டை அதில் சாய்த்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆச்சி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பலகைக்கல்லில் உள்ளங்கையை வைத்து எடுப்பாள். வெயிலில் கல் கொதித்தாலும் வைப்பாள். எதற்கு ஆச்சி என்று கேட்டதற்கு, "காச்ச அடிக்கான்னு பாக்கேன்" என்றாள். அப்போது எனக்கு விளங்கவில்லை.

உங்கள் ஊர்க் கல்லை முதலில் புரட்டிப் பாருங்கள். பலகைக்கல்லின் முன்விளிம்பில் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கலாம். காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் எழுத்து எழும்பித் தெரியும். தெரியாவிட்டால் கழுவிக் காயவிட்டு, சாக்பீஸ் தூளைத் துணியில் தொட்டு மெல்ல ஒற்றிப் பாருங்கள். உளி, கம்பி எதையும் கொண்டு சுரண்ட வேண்டாம். பெயர் கிடைத்தால் பெரியம்மையிடம் வாசித்துக் காட்டுங்கள், அந்த வகையறா இன்னும் ஊரில் இருக்கக்கூடும். பிறகு ஊராட்சியில் கேட்டுக்கொண்டு, பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிமிர்த்தி நட்டுவிடுங்கள்.

எங்கள் கல்லும் ஒருமுறை பாதை போடும்போது சரிந்தது. அண்ணன் இரண்டு ஆள் கூலி கொடுத்து, பழைய இடத்திலிருந்து பத்தடி தள்ளி நட்டுவைத்தான். தலைச்சுமையோடு இப்போது யாரும் அந்த வழியே வருவதில்லை. போன மாதம் போயிருந்தேன். காலை எட்டரை மணி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலைந்து பேர் புத்தகப் பையை அந்தக் கல்லின்மேல் வரிசையாக வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.